ஹாப் அண்ணாச்சியின் கோடுகள்

ஹாப் அண்ணாச்சியைத் தினம் இரண்டு வேளை தூக்கில் போட்டார்கள். காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை, மாலை மூன்று மணிக்கு ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. அன்றைக்குத்தான் கூட்டம் அம்மும்.

அவர் நிஜத்தில் செத்தது ஒரே ஒரு தடவை. ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்றாம் வருஷம், இங்கிலாந்தில், தார்ன்மியர் என்ற ஊரில், குடியானவர்கள் கிளர்ச்சியில் சேர்ந்த குற்றத்துக்காக, இன்னும் பதினேழு பேரோடு சேர்த்துத் தொங்கவிட்டார்கள். அதோடு ஆளை விட்டிருக்கலாம். விட்டார்களா? அறுநூற்று எழுபது வருஷம் கழித்து அந்த ஊரில் கார் நிறுத்தத் தோண்டிய குழியில் எலும்புகள் கிடைத்தன. எலும்பு கிடைத்தால் வியாபாரிக்கு மூக்கில் வியர்க்காதா? தார்ன்மியர் வரலாற்றுப் பூங்கா பிறந்தது. உள்ளே போகிறவர்கள் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், வெறும் புல்வெளியில் மடமும் மாதாகோயிலும் தூக்குமரமும் எழும்பி நிற்கும். பதினெட்டுப் பேரும் அழுதுகொண்டே வண்டியில் வருவார்கள். பார்க்கிறவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் பின்னாலிருந்து நடத்தியது சென்னை தரமணியில், ஆறாவது மாடியில் இருந்த புனர்ஜென்மா டெக் என்ற கம்பெனி. அங்கேதான் ஆவுடையம்மாள் வேலை பார்த்தாள். முப்பத்திரண்டு வயது, கோவில்பட்டிக்காரி, எம்.ஏ. வரலாறு. வரலாறு படித்துவிட்டுச் சென்னையில் ஏ.சி. அறையில் வேலை என்பதில் அவள் அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். செத்தவனுக்கு மறதி போட்டு மறுபடியும் சாக அனுப்புகிற வேலை என்று எந்த வாயால் சொல்வது?

சேர்ந்த முதல் நாளே குழுத்தலைவர் வரதராஜுலுவிடம் கேட்டாள். அவர் பெரிய தொப்பையும் சின்ன மனசாட்சியும் உள்ள மனிதர். இரண்டையும் அவரே ஒத்துக்கொள்வார்.

"அவங்களுக்கு வலிக்குமா சார்?"

"வலி வெக்கலம்மா. பயம் மட்டும்தான் வெச்சிருக்கோம்."

"பயம் நிஜமா?"

"பின்ன? எலும்புல எடுத்த டி.என்.ஏ., கோர்ட்டு ஏடு, மடத்து ஏடு, எல்லாத்தையும் போட்டு ஆளையே கட்டியிருக்கோம். பாக்கறவனுக்கு அது ஷோ. அவனுக்கு அது உசுரு. ஒவ்வொரு தபாவும் மொதல் தபாவா இருந்தாத்தான் அழுவான். நேத்து தொங்கினது ஞாபகம் இருந்தா எவனாவது அழுவானா? அதுக்குத்தான் நீ. ஷோ முடிஞ்சதும் தொடச்சிடு."

"இது பாவமில்லையா சார்?"

"பாவம்தான். பி.எஃப். பிடிக்கறாங்களே, அதுவும்தான் பாவம். போய் வேலையைப் பாரு."

பார்த்தாள். அந்தப் பதினெட்டுப் பேர் பேசுகிற பழைய இங்கிலீஷ் இன்றைய இங்கிலீஷ்காரனுக்கே விளங்காது. பூங்காவில் அதை இந்தக் காலத்து இங்கிலீஷாக மாற்றிக் கொடுத்தார்கள். தன் திரையில் அதைச் சோதித்துப் பார்க்க ஆவுடை ஒரு தமிழ் மாற்றி செய்துகொண்டாள். தன் வீட்டில் பேசும் பேச்சையே அதற்குப் பழக்கினாள். ஆகவே பதினாலாம் நூற்றாண்டு தார்ன்மியர்காரர்கள் தரமணியில் அச்சு அசலாகக் கோவில்பட்டித் தமிழ் பேசினார்கள். ஹாப் அவளைத் "தாயி" என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். ஒவ்வொரு நாளும் புதிதாக அறிமுகம் ஆகிக்கொள்ள வேண்டியிருந்தது, அது ஒன்றுதான் சங்கடம்.

அவர்கள் செய்த குற்றம் என்ன தெரியுமா? ஊரில் யாரும் வீட்டில் மாவு அரைக்கக் கூடாது, மடத்து ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று மடாதிபதி சட்டம் போட்டிருந்தார். வீடு வீடாகப் புகுந்து திருகைக் கல்லையெல்லாம் பிடுங்கிவந்து, தன் வரவேற்பறைக்குத் தளமாகப் பதித்துக்கொண்டார். வருகிறவன் போகிறவனெல்லாம் ஊர்க்காரர்களின் திருகையை மிதித்துக்கொண்டு போக வேண்டும். என்ன கொழுப்பு பாருங்கள்! தேசமெல்லாம் கிளர்ச்சி வெடித்த வாரத்தில் தார்ன்மியர்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஆளைத் தொடவில்லை, பொன்னைத் தொடவில்லை. தளத்தைப் பெயர்த்து, கல்லை உடைத்து, கோயில் பிரசாதம் போல ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பதினாலு வயது ராஜா 'இனி நீங்கள் பண்ணையாட்கள் இல்லை' என்று முத்திரை போட்டு விடுதலைச் சீட்டு கொடுத்தார். அதை நம்பிக் கலைந்தார்கள். இரண்டு வாரத்தில் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு கயிற்றைக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை பூங்காவிலிருந்து புகார் வந்தது. பூங்கா மேலாளர் பெரில் அம்மையார் எழுதியிருந்தார்: பதினேழாம் எண் கிளர்ச்சிக்காரன் இரண்டு வாரமாக அழுவதில்லை. நேற்று வண்டியில் நின்றுகொண்டு சிரித்தான். ஒரு குழந்தைக்கு டாட்டா காட்டினான். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் பதினெட்டுப் பேரையும் அடியோடு அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தரவும்.

பதினேழாம் எண் நம் ஹாப் அண்ணாச்சிதான். துடைப்பது வேறு, அழிப்பது வேறு. துடைத்தால் கிளர்ச்சி நடந்த வாரம்வரை ஆள் அப்படியே இருப்பார். அழித்தால் விதையோடு போய்விடுவார். பிறகு கட்டி எழுப்புவது அதே முகத்தில் வேறொரு ஆள்.

மறுநாள் மத்தியானம், அங்கே முதல் ஷோ தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, சிறைக்கொட்டடிக் காட்சியைத் திறந்தாள். ஹாப் வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, குட்டையான உடம்பு, முன்பல் ஒன்று இல்லை. கையில் ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு தாயி நீ? சன்னல்ல மொகம் மட்டும் தெரியுது. தேவதையா?"

"இல்ல அண்ணாச்சி. நானும் ஒரு இடத்துல சோலி பாக்கேன், அவ்வளவுதான். அது என்ன கல்லு?"

"இதா? எங்க அம்மா வச்சிருந்த திருவையில ஒரு துண்டு. மடத்துல பேத்து எடுத்தோம்லா. எங்கைக்கு வந்து நாலு நாளுகூட ஆவல. ஆனா இதப் பாரு." கல்லைத் திருப்பிக் காட்டினார். முன்னும் பின்னும் கோடு கோடாகக் கீறியிருந்தது, ஐந்தைந்தாக. "இருநூத்தி அறுவது. காலையில எந்திரிச்சதும் எண்ணிப்பாத்தேன்."

"யாரு போட்டது?"

"நாந்தான். எங்கை எனக்குத் தெரியாதா? அஞ்சாவது கோட்டை நான் சாய்ச்சுப் போடுவேன், வேற எவனும் போட மாட்டான். ஆனா போட்ட ஞாவகம் இல்ல."

ஆவுடைக்குச் சுரீரென்று உறைத்தது. அவர்கள் ஆளைத்தான் துடைத்தார்கள். சாமானைத் துடைக்கவில்லை. கல், கயிறு, வண்டி எல்லாம் காட்சிப் பொருள் கணக்கில் சேர்த்தி, அதை யாரும் தொடுவதில்லை.

"எதுக்காகக் கோடு போடுவீங்க அண்ணாச்சி?"

"நான் ஊருக்குக் கோடு போடுத ஆளு தாயி. மடத்து வேலைக்கு மணி அடிச்சுக் கூப்பிட்டா, போற வழியில ஊர் சார்பா நான் ஒரு கோடு போடுவேன். இல்லேன்னா அந்த மணியக்காரரு பத்து நாளு வேலை வாங்கிட்டு எட்டுன்னு எழுதிருவாரு. எங்கப்பனும் இந்தச் சோலிதான் பாத்தான். இதெல்லாம் யோசிச்சுப் போடுதது இல்ல. மணிச்சத்தம் கேட்டா கை தானாப் போவும்."

சொல்லிவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "காலையிலேர்ந்து யோசிக்கேன். கல்லு வந்தப்புறம் மடத்துக்கு நான் ஒரு சோலியும் பாக்கல. பாக்கப்போறது இன்னைக்குத் தூக்கு ஒண்ணுதான். அப்பம் இந்தக் கோடெல்லாம் என்ன? தூக்குக்குப் போட்ட கோடு. இருநூத்தி அறுவது தடவ போயிட்டுத் திரும்பி வந்துருக்கேன். இன்னைக்கு மட்டும் வராமலா போவேன்? அதான் பயமில்ல. சிரிப்புதான் வருது."

ஆவுடை கணக்குப் போட்டுப் பார்த்தாள். கல்லை அழித்தால் போதும், புகார் தீர்ந்துவிடும். மனிதர் நாளையிலிருந்து பழையபடி நடுங்கி, அழுது, மூத்திரம் போய்ச் சாவார். அழிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேரும் காலி. இதற்கா எம்.ஏ. படித்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். பிறகு வாயிலிருந்து அவளை அறியாமல் ஒரு கேள்வி வந்தது.

"ஏன் அண்ணாச்சி, உங்க ஊர்ல வேலைநாள்ல தகராறு வந்தா யார்ட்ட போவீங்க?"

"மணியக்காரர்ட்டதான். அவரு கடைஞ்செடுத்த கஞ்சன். ஆனா ஏட்டுல இருக்குத வழக்கத்தை மட்டும் மீற மாட்டாரு."

"அவரு இன்னைக்குத் தூக்குமரத்துப் பக்கத்துலதான நிப்பாரு?"

ஹாப் அவளையே பார்த்தார். பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தார். "தாயி, நீ எங்க ஊருல பொறந்துருக்கணும்."

தரமணியில் மூன்றரை, தார்ன்மியரில் பதினொரு மணிக்கு ஷோ ஆரம்பித்தது. ஆவுடை திரைக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. வண்டி வந்தது. பதினேழு பேர் அழுதார்கள். நீதிபதி தீர்ப்பைப் படிக்க வாயைத் திறந்தார்.

"மணியக்காரரே!" என்று ஹாப் வண்டியிலிருந்து கத்தினார். "வேலைநாளு பாக்கணும். கோடு எங்கிட்ட இருக்கு."

மணியக்காரர் சைமன் நாலு மாதத்துக்கு மேலாக ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நின்ற ஆள். பூங்காவின் விளம்பரத்தில் 'மடத்தின் நூற்றுநாற்பது வழக்கங்களும் எழுத்துக்கு எழுத்து' என்று போட்டிருந்ததால் வரதராஜுலு அத்தனையையும் அவர் மண்டையில் ஏற்றிவைத்திருந்தார். ஒருவன் கூப்பிட்டுக் கேட்பான் என்று யார் கண்டது? சைமன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்தார். கல்லை வாங்கி எண்ணினார். முழுசாகப் பத்து நிமிஷம் எண்ணினார்.

"கோடு பொய்யில்ல. என்ன சோலிக்குப் போட்டது?"

"தொங்குன சோலிக்கு."

நீதிபதி குறுக்கே பாய்ந்தார். "தொங்குதது ஒரு சோலியா?"

சைமன் ஏட்டைப் புரட்டினார். "மடத்து மணியடிச்சு, மடத்து நெலத்துல, பண்ணையாள் தன் ஒடம்பால செய்யுத எதுவும் வேலைநாளுன்னுதான் எழுதிருக்கு. தொங்குதது சேராதுன்னு எங்கயும் எழுதல. ஏலே ஹாப், மத்தியானச் சாப்பாடு போட்டாவளா?"

"கண்ணுல காட்டல."

"ரொட்டி? கருவாடு?"

"பதினோரு மணிக்கே தொங்கவிட்டா சாப்பாட்டுக்கு எங்க போவ?"

"சாப்பாடு போடாத நாளு ஒண்ணுக்கு ரெண்டு. ஆவ ஐநூத்தி இருவது. வருசத்துக்கு நூத்தி அம்பத்தாறு நாளு வேலை. மூணு வருசமும் நாலு மாசமும் முன்கூட்டியே பாத்துட்டாவ. அதுவரைக்கும் இவங்கள்ல ஒருத்தனையும் மடத்து நெலத்துல எந்தச் சோலிக்கும் கூப்பிடப்படாது. தூக்குமரம் நிக்குதது மடத்து நெலம். எறங்குங்கலே."

நீதிபதி கத்தினார். மணியக்காரர் ஏட்டைத் தட்டினார். இரண்டு பேரும் நாற்பது நிமிஷம் மல்லுக்கு நின்றார்கள். பதினெட்டுப் பேரும் வண்டியிலிருந்து இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் விசில் அடித்தது. அன்று யாரும் சாகவில்லை.

வரதராஜுலு ஓடிவந்தார். "யம்மா ஆவுடை, என்னம்மா பண்ணே? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

ஆனால் பெரில் அம்மையார் துள்ளிக் குதித்தார். கூட்டத்தில் எடுத்த வீடியோ அன்றைக்கே உலகம் பூராவும் ஓடிவிட்டதல்லவா? கிளர்ச்சிக்காரர்களுக்கு நிரந்தரப் பொதுமன்னிப்பு என்று அறிவித்தார். ஆளுக்கொரு விடுதலைச் சீட்டு, சிவப்பு அரக்கு முத்திரையோடு. இனித் தினமும் விடுதலை விழாதான், இனி யாரையும் துடைக்கவே வேண்டாம் என்று எழுதினார்.

அந்த மூன்று நாள் ஆவுடை வாழ்நாளில் மறக்க மாட்டாள். காலையில் திரையைத் திறந்தால் ஹாப் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஆவுடை தாயி, சாப்பிட்டியா?" என்றார். அவர் பெண்டாட்டி சுடும் ரொட்டியின் பக்குவத்தைச் சொன்னார். அவள் தோசையைப் பற்றிச் சொன்னாள். மாவைப் புளிக்கவிட்டா தின்பீர்கள் என்று அவர் நம்பவே மாட்டேன் என்றார். எழுத்துத் தெரியாத மனிதர், சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினார்.

நாலாம் நாள் விடுதலையைப் பார்க்க வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். தூக்குக்கு இரண்டாயிரம் பேர் வருவார்கள். ஜனங்களுக்கு அடுத்தவன் தப்பிப்பதைப் பார்க்க ஒரு நாள் போதும், சாவதைப் பார்க்கத் தினம் தினம் வரலாம். கேடுகெட்ட உலகம்.

வரதராஜுலு அவளை அறைக்குக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பொதுமன்னிப்பு வாபஸ். பதினெட்டையும் அழிச்சுட்டுப் புதுசா எழுப்பணும். கல்லை எடுத்துடணும். அந்தக் கோடு போடற பழக்கத்தையும் எடுத்துடணும்."

"ராஜாவும் இதேதான சார் பண்ணான்? சீட்டைக் குடுத்துட்டுப் புடுங்கிக்கிட்டான்."

"அதாம்மா வரலாறு. இன்னொண்ணு. நீதான் செய்யணுமாம். அந்தப் பெரில் அம்மா உன் பேர் போட்டு எழுதியிருக்கு. பண்ணா வேலை, பண்ணாட்டி வேற ஒருத்தன் பண்ணுவான், நீ வீட்டுக்கு."

ஆவுடைக்கு மடத்துப் பழைய ஏட்டில் படித்தது ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தொங்கவிட்ட பிணங்களை ஊர்க்காரர்கள் ரகசியமாக இறக்கிப் புதைத்தார்கள். சேதி ராஜாவுக்கு எட்டியது. வந்த ஆணை இது: புதைத்தவர்களே தோண்டி எடுக்க வேண்டும். புதைத்த கையாலேயே இரும்புச் சங்கிலி போட்டு மறுபடி தொங்கவிட வேண்டும். அதைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தன் இடத்துக்கு வந்து திரையைத் திறந்தாள்.

"என்ன தாயி, மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்காமல் அழுதாள். ஹாப் கையிலிருந்த சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"சீட்டைத் திருப்பிக் கேக்காவளா?"

"ஆமா அண்ணாச்சி."

"கேப்பாவன்னு தெரியும். அரக்கு ரொம்பப் பளபளப்பா இருந்துச்சு." சீட்டை நான்காக மடித்து வைக்கோலின் மேல் வைத்தார். "உன்னையவா செய்யச் சொல்லிருக்காவ?"

தலையை ஆட்டினாள்.

"அதுவும் தெரிஞ்சதுதான். நம்ம ஆளு கையாலதான் செய்யச் சொல்லுவானுவ. நீ மாட்டேன்னு சொல்லாத. வேற எவனாவது வந்தா கன்னாபின்னான்னு செஞ்சுருவான். நீன்னா மரியாதையாச் செய்வ." கல்லையும் எடுத்துச் சீட்டின் மேல் வைத்தார். "கல்லு போனாப் போவுது. எங்கப்பன் மரத்துல போட்டான். அவன் அப்பன் சொவத்துல போட்டான். அழாத தாயி. தோசை தின்னு பாக்கத்தான் குடுத்துவைக்கல."

ஆவுடை பதினெட்டுப் பேரையும் அழித்தாள். ஒவ்வொருவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழித்தாள். ஹாப் பெயரைக் கடைசியில் சொன்னாள். பிறகு புதிதாக எழுப்பும் பக்கம் திறந்தது. நீக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல். 'திருகைக் கல்' என்பதற்கு எதிரே தட்டினாள். அதற்குக் கீழே 'வேலைநாள் கோடு போடும் வழக்கம்' என்று இருந்தது. அதற்கு எதிரே தட்டாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள். 'எல்லாம் செய்து முடித்தாயிற்று' என்று பெரில் அம்மையாருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிடிபட்டால் வேலை போகும். கோவில்பட்டியில் அப்பாவின் பெருமையும் போகும். போகட்டும் என்று நினைத்தாள்.

புது ஹாப் முதல் நாளே ஊரைக் கூட்டி அழுதார். பூங்காவில் எல்லாருக்கும் பரம திருப்தி. வரதராஜுலு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். ஆவுடை அதைத் தொடவில்லை.

எட்டாம் நாள் காலை ஒரு சின்னப் புகார் வந்தது. அவசரமில்லை என்று குறித்திருந்தது. தூக்குமரத்தின் இடது காலில், வண்டி வந்து நிற்கும் பக்கத்தில், ஆணியால் கீறியது போலச் சில கோடுகள் தெரிகின்றன. தினம் இரண்டு கூடுகிறது. படம் வரைகிற குழு ஏதோ தப்பு செய்திருக்கிறது போல, அழித்துவிடவும்.

ஆவுடை காட்சியைத் திறந்து மரத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். பதினாலு கோடுகள். ஐந்தாவதும் பத்தாவதும் சாய்ந்திருந்தன.

அவள் பதில் எழுதினாள்: 'பார்த்தேன். தப்பு எதுவும் இல்லை. அந்தக் காலத்துத் தூக்குமரங்களில் இப்படிக் கோடுகள் இருப்பது வழக்கம். வரலாறு தெரிந்தவர்கள் பாராட்டுவார்கள். கைவைக்க வேண்டாம்.' புகாரை மூடினாள்.

பிறகு பூங்காவின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மணியக்காரர் சைமன் ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதே இடத்தில் நின்றிருந்தார். அவரை அழிக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. ஹாப் அண்ணாச்சிக்கு மத்தியானச் சாப்பாடும் இன்னும் யாரும் போடவில்லை.